மினிமூக் வாசித்த பாஸ்

பார்லமென்ட் குழுவின் ‘ஃப்ளாஷ் லைட்’ பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்க வேண்டும். அதுவும் அடியில் ஓடும் பாஸை மட்டும் பின்தொடர்ந்து. 1977 இறுதியில் வந்தது. பூட்சி காலின்ஸ் போன்ற அசகாய பாஸ் கிதார்க்காரர் இருந்த ஃபங்க் குழு அது. ஆனாலும் இந்தப் பாட்டின் பாஸை பெர்னி வொரெல் மினிமூக் சிந்தசைஸரில் வாசித்தார்.

மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். பாஸுக்கு அது போதும். ஒலியை உண்டாக்கும் மூன்று ஆஸிலேட்டர்களையும் சேர்த்தால் அந்த ஒற்றை ஸ்வரம் தடித்துவிடும்; ஃபில்டர் குமிழைத் திருப்பினால் மங்கும், சட்டென்று பளிச்சிடும்; இடப்பக்கச் சக்கரத்தால் சுருதியை வளைக்கலாம். வொரெலின் கையில் ஸ்வரங்கள் வழுக்குகின்றன, துள்ளுகின்றன, சேற்றில் கால் வைத்ததுபோல் பிசுக்கென்று இறங்குகின்றன. இத்தனை குறும்பிலும் தாளம் இம்மி பிசகவில்லையே! சிறுவயதிலிருந்தே செவ்வியல் பியானோ பயின்ற விரல்கள், அதனால்தான் என்று நினைக்கிறேன். மேலே கிதாரும் கூட்டுக் குரல்களும் மனிதச் சூட்டோடு அப்படியே இருக்கின்றன. இந்தக் கலப்பு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

1982-ல் பார்லமென்ட் குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் தன் பெயரில் வெளியிட்ட ‘அட்டாமிக் டாக்’கில் சிந்தசைஸர் இன்னும் முன்னால் வந்துவிட்டது. டெட்ராய்ட்டில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைத் தொடங்கிவைத்த ஹுவான் அட்கின்ஸ், பார்லமென்ட் இசையைக் கேட்டு வளர்ந்தவர். அவருடைய சைபோட்ரான் குழுவின் பதிவுகளையும் தேடிக் கேளுங்கள், பாஸிலிருந்தே தொடங்கி.