இரவல் சொற்களில் ஜெபித்தல்: போன்ஹோபரின் சங்கீத நூல் பற்றி ஒரு மதிப்பீடு

லெந்து காலம் நெருங்கும்போது, ஜெப வாழ்க்கையில் ஆழம் வேண்டும் என்னும் அறைகூவல் நமது பிரசங்க பீடங்களிலிருந்து தவறாமல் எழுகிறது. ஆழம் என்பதை அதிக நேரம் என்றோ மிகுந்த உணர்ச்சி என்றோ பொருள்கொள்வது நம்மிடையே வழக்கம். ஆனால் நாற்பது நாளும் சபையாரை ஜெபத்தில் நடத்தவேண்டிய போதகர், இரண்டாம் வாரத்திலேயே தம் சொற்கள் வற்றிப்போவதை அறிவார். தீத்ரிச் போன்ஹோபர் 1940-இல் வெளியிட்ட ‘வேதாகமத்தின் ஜெபப் புத்தகம்’ என்னும் சிறு நூலை இந்நோக்கில் ஆராய்வது பயனுள்ளது.

இதயத்தைக் கொட்டிவிடுவது மட்டும் ஜெபமாகாது என்பதே நூலின் அடிப்படை. தந்தையின் பேச்சைக் கேட்டுக் குழந்தை பேசப் பழகுவதுபோல, தேவன் அருளிய சொற்களால் நாம் ஜெபிக்கப் பழகுகிறோம். சங்கீதங்களில் முதலாவது ஜெபிக்கிறவர் கிறிஸ்து. அவரோடுகூடச் சபை ஜெபிக்கிறது. சிலுவையில் 22-ஆம், 31-ஆம் சங்கீதங்களின் சொற்களை அவர் எடுத்தாண்டதை நினைவுகூர்வோம். ஆகவே, என் மனநிலைக்கு ஒவ்வாத சங்கீதத்தை நான் தள்ளிவிட இயலாது. நான் மகிழ்ந்திருக்கும் நாளிலும் சரீரத்தின் வேறோர் அவயவம் புலம்பிக்கொண்டிருக்கிறது.

இக்கருத்தின் பயன் பெரிது. மனந்திரும்புதலின் சங்கீதங்கள் எனத் திருச்சபை வகுத்தவை ஏழு: 6, 32, 38, 51, 102, 130, 143. இவற்றுள் 51-ஐ மட்டும் கையாண்டு அமைந்துவிடுகிறோம். 102-லோ பாவ அறிக்கையைவிட நோயும் தனிமையும் மேலோங்கி நிற்கின்றன. குற்ற உணர்வு ஒன்றையே லெந்தின் பொருளாக்கும் நமது குறுகிய வழக்கத்தை இவ்வேழும் சேர்ந்து திருத்துகின்றன.

எனினும், சத்துருக்களைக் குறித்த சங்கீதங்களை விளக்குமிடத்தில் நூல் தளர்கிறது. பாவிகள்மேல் வரவேண்டிய தேவகோபம் குற்றமற்ற கிறிஸ்துவின்மேல் விழுந்தது என்கிறார் ஆசிரியர். இது மெய்யான சுவிசேஷமே. ஆனால் ஒடுக்கப்பட்டவனின் முறையீட்டை முழுவதும் கேட்குமுன்னரே அதற்கு விடையளித்துவிடும் அபாயம் இதில் உண்டு. அச்சங்கீதங்களை முதலில் பாடிய இஸ்ரவேலின் குரலும் இதனால் மங்கிவிடுகிறது.

இதற்கு மாற்றான சான்றைப் போன்ஹோபரின் சொந்த வேதாகமமே தருகிறது. 1938 நவம்பரில் ஜெர்மனியெங்கும் யூத ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டபோது, தேவனுடைய ஆலயங்கள் எரிக்கப்பட்டதைப் பாடும் 74-ஆம் சங்கீதத்தின் 8-ஆம் வசனத்தருகே அந்நாளின் தேதியை அவர் குறித்துவைத்தார். துன்புறும் யூதரின் கதறலை அங்கே அவர் நேராகவே கேட்டார். ஓரத்தில் எழுதிய அந்தத் தேதி, நூலின் விளக்கத்தைவிட ஆழமான வியாக்கியானம் என்பது எமது துணிபு.

1941-இல் அவருக்கு நூல் வெளியிடும் உரிமை மறுக்கப்பட்டது. 1943 ஏப்ரலில் அவர் சிறைப்பட்டார். தேகெல் சிறையில் நாள்தோறும் சங்கீதங்களை வாசித்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு உடன்கைதிகளுக்கென ஜெபங்களை எழுதினார். இரவல் சொற்களில் பழகிய நாவே பிறருக்குச் சொற்களை வழங்க வல்லதாயிற்று.

இந்த லெந்தில் சங்கீதங்களை முறையாக ஜெபிக்க முற்படுவோர், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு தேதியையும், அன்று அதைக் கதறுகிற மனிதர் யாரென்பதையும் குறித்துக்கொள்வார்களாக. வீடிழந்தோர், தீண்டாமைக் கொடுமைக்கு உள்ளானோர், மருத்துவமனைப் படுக்கையில் தனித்திருப்போர் ஆகியோரின் சொற்களைக் கிறிஸ்துவின் சொற்களோடு சேர்த்துச் சொல்லக் கற்பதே பரிந்துரை ஜெபத்தின் தொடக்கம்.