கல்லும் கதவு எண்ணும்

பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் 1905-இல் 'எபிகிராபியா கர்நாடிகா' ஒன்பதாம் தொகுதியாக அச்சேற்றினார். தமிழ்க் கல்வெட்டுகள் அதில் ஏராளம். நம்மவர் இங்கே நேற்று வந்தவர்கள் அல்லர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? கல் இன்னாருடைய வயலில் நிற்கிறது என்ற குறிப்பும் அதில் ஆங்காங்கே உண்டு. அன்றைக்கு அது வெறும் வழி சொல்லும் அடையாளம்.

இன்று வயலெல்லாம் சைட் ஆகிவிட்டது. மிதிக் சொசைட்டி 2021 முதல் இக்கற்களை முப்பரிமாணத்தில் பதிவு செய்து வருகிறது, அருமையான பணி. என் குறை, என்னைப் போன்ற தனி ஆர்வலர்கள் எழுதும் முறை மீதுதான். கல் கண்டவுடன் வீட்டு விலாசத்தையும் போட்டுவிடுகிறோம்.

ஒரு கொல்லையில் தமிழ்க் கல் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் காப்பி கொடுத்து உபசரித்தார். நோட்டை எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "படிச்சுக்கோங்க சார், அட்ரஸ் மட்டும் வேணாம். கவர்ன்மென்ட் இடத்தை எடுத்துக்கும்" என்றார். 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டர் கட்டடத் தடை, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களுக்குத்தான். கொல்லைக் கல்லுக்கு இல்லை. சொன்னேன், நம்பவில்லை. விலாசம் எழுத மாட்டேன் என்றதும் தானே தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிக் கொடுத்தார். வற்புறுத்தியிருந்தால் அந்தக் கல் அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும்.

ஆகவே வாசகம், படம், ஊர்ப்பெயர் எல்லாருக்கும். கதவு எண் பதிவேட்டில் மட்டும், காரணம் சொல்லிக் கேட்கும் ஆய்வாளருக்கு. கணக்குப் புத்தகத்தை ஆடிட்டரிடம் காட்டுகிறோம், கடை வாசலில் மாட்டுவதில்லையே! கல்லை நகர்த்தினால் தகவல் தருவதாக உரிமையாளரிடம் ஒரு வார்த்தை எழுதி வாங்கலாம். தொம்மலூர் சொக்கநாதர் கோயில் போன்ற பொது இடத்துக் கற்களுக்கு இந்த மறைவு தேவையே இல்லை.