மணிமேகலை கொண்ட மாற்றுரு

சமயம் பற்றிய பேச்சு எழுந்தவுடன், அதுவரை அமைதியாக உரையாடிய நண்பர்களின் குரலும் உயர்ந்துவிடுகிறது. கல்வியின்மையே இதற்குக் காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது. தருக்க நூலைத் துறைபோகக் கற்றவரும் தம் சமயத்தைப் பிறர் தொட்டவுடன் தருக்கத்தை மறந்துவிடுகின்றனர். காரணம் வேறு, அதற்குச் சான்று மணிமேகலையிலேயே உள்ளது.

வஞ்சி மாநகரில் மணிமேகலை, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகச் சமயக் கணக்கர் பதின்மரைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இந்த 27ஆம் காதையை அறிவாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர்கள் போற்றுவர். போற்றத் தக்கதே. ஆயின் அவள் எவ்வுருவில் சென்றாள் என்பதைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அவள் பெண்ணாகச் செல்லவில்லை. தவமுனிவன் வடிவு கொண்டு சென்றாள். இளம்பெண் என்று கருதி எவரும் உண்மைப் பொருளை உரைக்கமாட்டார் என்று 10ஆம் காதையிலேயே தெய்வம் அவளுக்குக் கூறி, வேற்றுரு எய்தும் மந்திரத்தை அளித்தது. கேட்கப்படும் வினாவினும் கேட்பவர் யார் என்பதையே சமயவாதிகள் முதலில் நோக்குவர் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார் அன்றோ?

இன்னொன்று. மணிமேகலை அளவை இலக்கணத்தை அறவண அடிகளிடம் கேட்பது 29ஆம் காதையில். மணிபல்லவத்தில் புத்த பீடிகை கண்டு பழம்பிறப்பை உணர்ந்ததோ 9ஆம் காதையில்! நம்பிக்கை முன்னே வந்தது. அளவை இருபது காதை கழித்து வந்தது. பிழையான மேற்கோளையும் போலி ஏதுவையும் அத்துணை நுணுக்கமாக வகுத்துரைக்கும் நூலில், தலைவியின் சமயம் அவ்வழியே வரவில்லை. பெரும்பாலோர் சமயமும் இவ்வாறே வருகிறது. வாதத்தால் வராத ஒன்றை வாதத்தால் அசைக்க முயல்வோர் அதன் வேரைத் தொடுவதேயில்லை.

பதின்மருள் பூதவாதியிடம்தான் அவள் வாதத்தில் இறங்குகிறாள். காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் அவனை, நின் தாய் தந்தையரைக் கருத்தளவையாலன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள். கூரிய வினாதான். ஆயினும் அது சென்று தைக்கும் இடம் அவன் பெற்றோர். சமயவாதம் எத்துணை நுண்ணியதாயினும் இறுதியில் தாய்வீட்டு வாயிலுக்கே வந்துவிடுகிறது. பூதவாதியின் மறுமொழியைக் காப்பியம் கூறவில்லை.

அக்காலத்து வாத நூல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பௌத்த நூலாகிய குண்டலகேசியில் அதன் தலைவி சமணரை வெல்கிறாள். சமண நூலாகிய நீலகேசியில் அதே குண்டலகேசி தோற்கிறாள். எவரும் தம் சொந்த நூலில் தோற்றதில்லை! குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அவள் தோல்வியைக் கூறும் நூலே நிலைத்தது. தோற்றவர் விட வேண்டியது ஒரு கருத்தை மட்டுமாயின் விட்டிருப்பர். தெய்வத்தையும் குருவையும் சுற்றத்தையும் சேர்த்து விடவேண்டியிருந்ததால், விடையைவிட வெற்றியே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

சமயம் கடந்த உரையாடல் நிகழவே இல்லையா எனின், நிகழ்ந்ததுண்டு. சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த உ. வே. சாமிநாதையர் சைவர், நூலோ சமணம். பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லம் சென்றார். அங்கோ சிந்தாமணி படித்து முடித்த விழா நடந்துகொண்டிருந்தது. அவர் ஆராய வந்த நூல் அவர்களுக்கு வழிபாட்டு நூல். சினம் எழுவதற்கு இடம் இருந்தது, எழவில்லை. அவர் வெல்ல வரவில்லை, அறிய வந்தார்; அதற்கென அவர் மாற்றுருக் கொள்ளவும் இல்லை. அவர் சொற்பொருள் கேட்டார். அவர்கள் தம் சமயத்தையே எடுத்துரைத்தனர். அதன்பின்னும் அவர் சைவராகவே இருந்தார், அவர்கள் சமணராகவே இருந்தனர். நூல் 1887இல் அச்சேறியது.