தோன்றா எழுவாய்: வீட்டுக் குறிப்புகளை வாசித்தல்

பெண்கள் பத்திரிகைகளில் பக்க ஓரத்தில் கட்டம் கட்டி வரும் வீட்டுக் குறிப்புகளை நான் வகுப்பில் இலக்கணப் பாடத்துக்குப் பயன்படுத்துவதுண்டு. 'பிழிந்த எலுமிச்சைத் தோலை எறிந்துவிடாமல் உப்புத் தொட்டுத் தேய்த்தால் பித்தளைச் சாமான் பளிச்சிடும்', 'தேய்ந்துபோன டூத் பிரஷ்ஷை ஜன்னல் இடுக்குகளைச் சுத்தம் செய்யப் பயன்படுத்தலாம்' என்ற வகையில் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தேய்ப்பது யார், பயன்படுத்துவது யார் என்று கேட்பேன். 'படித்தாய்' என்றால் 'நீ' என்பது தோன்றா எழுவாய், விகுதியே காட்டிக்கொடுத்துவிடும். 'பயன்படுத்தலாம்' என்பதிலோ பால் காட்டும் விகுதியும் இல்லை, இடம் காட்டும் விகுதியும் இல்லை. நான், நீ, அவன், அவள் என எவரும் அங்கே வந்து நிற்கலாம். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு ஒரே குரலில் 'அம்மா' என்றுதான் சொல்கிறது. 'அப்பா எலுமிச்சைத் தோலால் குத்துவிளக்கைத் துலக்கினார்' என்று எழுதிக் காட்டினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. இலக்கணம் அனுமதிக்கும் ஒன்றை வழக்கம் எப்படிச் சிரிப்புக்குரியதாக்கியது என்பதைக் கேட்கவே இக்கட்டுரை.

குறிப்புகளை இலக்கிய வகையாக நாம் கருதுவதில்லை. பத்திரிகை பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது அவையும் போய்விடுகின்றன. என் அம்மா அவற்றைப் போகவிடவில்லை. அப்பாவுக்குப் புத்தாண்டுக்கு வந்த ஒரு டைரியில், வருடம் முடிந்த பிறகு, சோற்றுப் பசையால் ஒட்டி வைத்தார். அந்த டைரியே ஒரு மறுபயன்பாடுதான். அப்பா எழுதாமல் விட்ட தேதிகளின் மேல் அம்மாவின் குறிப்புகள் ஏறின. அதில் ஒன்று அவரே எழுதி அனுப்பி அச்சானது. கிழிந்த பனியன்களைக் கொண்டு கால்மிதியடி பின்னுவது பற்றியது. அடியில் அப்பாவின் முதலெழுத்தும் அம்மாவின் பெயரும் ஊரும் இருக்கின்றன. பள்ளிச் சான்றிதழுக்குப் பிறகு அம்மாவின் பெயர் அச்சில் வந்தது அந்த ஓர் இடத்தில்தான். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதல் பிரசுரமும் கடைசிப் பிரசுரமும் இத்தகைய ஒரு குறிப்பாகத்தான் இருந்திருக்கும். தமிழ்த் துறைகள் சேகரிக்காத ஆவணம் இது. நானும் முனைவர் பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த டைரியை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தேன்.

வாசிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அறிவு. புடவையையே எடுத்துக்கொள்வோம். கட்டிப் பழசான நூல் புடவை தூளியாகிறது. தூளிக்குப் பழைய புடவைதான் வேண்டும், புதுத்துணியின் விறைப்பு குழந்தையின் உடம்புக்கு ஆகாது. பிறகு தலையணை உறை, பிறகு அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி, கடைசியில் திரி. எந்த நிலையில் எந்த நூல் எவ்வளவு நீரை உறிஞ்சும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதைக் கையால் அறிந்தவர்களின் அறிவு இது. ஆனால் இந்த வரிசையில் ஒரு கட்டம் விடுபட்டிருக்கிறது. பழைய புடவையைக் கிழித்து மாதவிலக்குக்கு வைத்துக்கொண்டதைப் பற்றி, அந்தத் துணியை யார் கண்ணிலும் படாமல் எங்கே உலர்த்துவது என்பதைப் பற்றி, அம்மாவின் டைரியில் ஒரு குறிப்புக்கூட இல்லை. வீட்டில் மிக அதிகமாக நடந்த மறுபயன்பாடு அதுவாகத்தான் இருந்திருக்கும். குத்துவிளக்குக்கு இடம் கிடைத்த பக்கத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்து கண்ணில் படுவது உழைப்பு. குறிப்பின் தொனி எப்போதும் பரிசு தருவதுபோல் இருக்கும்: வீணாகாது, செலவு மிச்சம். ஆனால் ஒவ்வொரு புதிய பயனும் ஒரு புதிய வேலை. பால் கவரைக் கழுவ வேண்டும், கவிழ்த்து உலர்த்த வேண்டும், அடுக்கி வைக்க வேண்டும். அரிசி கழுவிய நீரைச் சேர்த்துச் செடிக்குச் சுமக்க வேண்டும். மிச்சமாகும் காசைக் கணக்கிடும் குறிப்பு, செலவாகும் நேரத்தைக் கணக்கிடுவதில்லை; அந்த நேரம் இலவசம் என்பது அதன் சொல்லப்படாத முன்முடிவு. சிக்கனம் என்ற சொல்லை நாம் புகழ்ச்சியாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஒரு குடும்பத்தின் வருமானப் பற்றாக்குறையை ஒருத்தியின் மாலை நேரத்தைக் கொண்டு ஈடுகட்டுவதற்கும் அதுவே பெயர். இன்று சூழலியல் பேசுவோர் பாட்டிமாரின் மறுபயன்பாட்டைக் கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடுகிறேன். ஆனால் கழுவி உலர்த்தும் அந்தக் கை யாருடையது என்று கேட்காத கொண்டாட்டம், அதே வேலையை அதே ஆளிடம் புதிய பெயரில் திருப்பிக் கொடுப்பதாகவே முடியும்.

வீட்டுப் பொருளுக்குப் புதுப் பயன் கண்டதற்காக உலகம் கலைஞன் என்று ஏற்றுக்கொண்ட ஓர் ஆணையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சுக்காரரான மார்செல் துஷாம்ப் 1913-இல் பாரிஸில் சமையலறை முக்காலி ஒன்றின் மேல் சைக்கிள் சக்கரத்தைக் கவிழ்த்துப் பொருத்தினார். 1914-இல் கழுவிய பாட்டில்களைக் கவிழ்த்து உலர்த்தும் இரும்புத் தாங்கி ஒன்றைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டார். 1917-இல் நியூயார்க்கில் சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பினார். கலை வரலாற்று வகுப்புகளில் இதையொட்டி ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். அவர் நியூயார்க் போன பிறகு பாரிஸில் அவர் அறையைச் சுத்தம் செய்த தங்கை சுசான், சக்கரத்தையும் பாட்டில் தாங்கியையும் குப்பையென்று எறிந்துவிட்டார் என்று. எறியப்பட்டது உண்மை. ஆனால் சுசான் துஷாம்ப் தாமும் ஓர் ஓவியர் என்பதைக் கதை சொல்பவர்கள் சேர்ப்பதில்லை. அண்ணனின் அறையைத் தங்கை ஏன் ஒழிக்க நேர்ந்தது என்றும் கேட்பதில்லை. துஷாம்பின் பொருள்கள் கலையாவதற்கு அவை பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட வேண்டியிருந்தது. அம்மாவின் பொருள்களோ மேலும் மேலும் பயன்பாட்டுக்குள்ளேயே அழுத்தப்பட்டன. தாங்கியில் பாட்டிலைக் கவிழ்க்காமல் சும்மா வைத்துப் பார்க்கும் வசதி, பாட்டில் கழுவ வேண்டியிராதவருக்கே வாய்க்கும்.

அந்த விலக்கலை ஒரு பெண் செய்தால் எப்படி இருக்கும் என்பதை அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் 1975-இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை வீடியோவில் காணலாம். ஆறு நிமிடங்களுக்குச் சற்றே மேல் ஓடும். சமையல் நிகழ்ச்சி நடத்துபவர்போல் நின்று, ஆங்கில அகர வரிசைப்படி சமையலறைக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். கரண்டியால் இல்லாத குழம்பை மொண்டு தோளுக்குப் பின்னால் வீசுகிறார். கத்தியால் காற்றைக் குத்துகிறார். முகத்தில் கோபம் இல்லை. கருவியின் பெயர் அதேதான், பயன் மட்டும் மாறிவிட்டது. என் மாணவிகள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். பாத்திரம் 'ணங்'கென்று வைக்கப்படும் ஓசையை எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கிறோம். அதுவும் ஒரு புதுப் பயன்தான். அதற்கும் குறிப்பு எழுதப்பட்டதில்லை.

பத்திரிகைக்கு வராத பயன்கள் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வகை வீட்டுக்குள்ளேயே மறைந்திருப்பது. கடுகு டப்பாவில், அரிசிப் பானையின் அடியில், மடித்த புடவைகளுக்கு நடுவில் பெண்கள் பணம் வைத்திருந்தார்கள். அச்சில் வந்துவிட்டால் அந்தப் பயன் அழிந்துபோகும். ஆகவே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்களே தவிர எழுதவில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்த டப்பாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறக்க வேண்டியதாயிற்று. அம்மா என் வீட்டுக்கு ஒரு துவரம்பருப்பு டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பையில் பதினேழு 500 ரூபாய் நோட்டுகள். அம்மாவுக்குத் தனிக் கணக்கு இல்லை. "அப்பாகிட்ட சொல்லாதே" என்றார். ஆனால் வங்கி வரிசைகளும் வீட்டுப் பேச்சும் அப்படி இருந்த நாள்களில் எதுவும் மறையவில்லை. அப்பா கோபப்படவில்லை. "கேட்டா நான் குடுக்க மாட்டேனா?" என்றுதான் கேட்டார். கேட்க வேண்டியிருப்பதுதான் டப்பாவுக்குக் காரணம் என்பது அவருக்குப் புரியவில்லை. அம்மா பதில் சொல்லவும் இல்லை. எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு வகை, வாசலைத் தாண்டுவது. 'காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்' என்பது நம் நாளிதழ்களில் கோடைதோறும் வரும் தலைப்பு. குடத்துக்கு ஏற்கெனவே ஒரு புதுப் பயன் உண்டு: குழாயடியில் ஆளுக்குப் பதிலாக வரிசையில் நிற்பது. 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்காக வண்ண வண்ணப் பிளாஸ்டிக் குடங்கள் தெருநீளம் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நிரம்பாத அதே குடம் சாலையின் குறுக்கே வைக்கப்படும்போது தடுப்பாகவும் மனுவாகவும் ஆகிறது. 1970-களின் தொடக்கத்தில் மும்பையில் விலைவாசி உயர்வை எதிர்த்து மிருணாள் கோரே, அகில்யா ரங்னேகர் போன்றோர் திரட்டிய பெண்கள், தட்டையும் சப்பாத்திக் கட்டையையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். பொருள் தானாக முற்போக்காகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். 1971 டிசம்பரில் சிலியில் காலிப் பாத்திரங்களைத் தட்டி ஊர்வலம் போன பெண்கள் இடதுசாரி அரசை எதிர்த்தவர்கள். பத்தாண்டுகளுக்குப் பின் ராணுவ ஆட்சிக்கு எதிராகவும் அங்கே பாத்திரங்கள் ஒலித்தன. ஆனால் இந்த இடங்களிலெல்லாம் வாக்கியத்துக்கு எழுவாய் கிடைத்துவிடுகிறது. மறியல் செய்தது யார் என்று எந்த வகுப்பிலும் கேட்க வேண்டியதில்லை.

புலியை முறத்தால் விரட்டிய வீரத் தமிழ்ப் பெண்ணைப் பற்றி நம் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். புறநானூற்றில் இருப்பதாகவே பேசுவார்கள். கிடைத்திருக்கும் புறநானூற்றுப் பாடல்களில் அப்படி ஒரு காட்சி இல்லை. இல்லாத பாட்டை மேடைகள் ஏன் இத்தனை விரும்புகின்றன? அடுத்த கணம் அவள் அதே முறத்தால் அரிசி புடைக்கத் திரும்பிவிடுவாள் என்ற நிம்மதி அந்தக் கதைக்குள் இருக்கிறது. கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்த அவள் சாமர்த்தியத்தைப் பாராட்டுகிறோம். அவள் கையில் முறம் மட்டும் இருந்தது ஏன் என்று கேட்பதில்லை. வீட்டுக் குறிப்புப் பத்தியும் இதே பாராட்டைத்தான் வாரம் தவறாமல் வழங்கி வந்திருக்கிறது. இருப்பதை வைத்துச் சமாளிப்பவளைப் போற்றும் சமூகம், இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறது.

குறிப்புகளை எள்ளி ஒதுக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அவற்றில் இருக்கும் அறிவை எடுத்துக்கொண்டு, விடுபட்ட எழுவாயை நிரப்பி வாசிக்க வேண்டும் என்கிறேன். யார் தேய்க்கிறார், எவ்வளவு நேரம், மிச்சமான காசு யார் கைக்குப் போகிறது என்ற மூன்று கேள்விகள் போதும். அந்த எழுவாயிடத்தில் அப்பாவும் அண்ணனும் வந்து நின்று, வகுப்பு சிரிக்காத ஒரு நாள் வந்தால் பாடத்தை மாற்றிக்கொள்கிறேன்.

பருப்பு டப்பாவைப் பற்றி எழுதட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "அது இப்போ வெறும் பருப்பு டப்பாதானே, எழுதிக்கோ" என்றார். அப்பா படித்துவிட்டால் என்றேன். "உன் புஸ்தகத்தை அவர் என்னைக்குப் படிச்சார்?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இப்போது வேறு இடம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.