ஃபெரெட் கூண்டும் கன அங்குலக் கணக்கும்

அமெரிக்கக் கடைகளில் ஃபெரெட் கூண்டு விற்கும் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை மாடி, எத்தனை ஏணி என்றும் போட்டிருப்பார்கள். மேல் மாடியில் நின்று எட்டிப் பார்க்கும் ஒரு ஃபெரெட்டின் படமும் உண்டு. என் விமர்சனம் முழுக்க இந்தப் பெட்டியின் மீதுதான். அதில் உள்ள எண்கள் பொய் இல்லை. ஆனால் அளக்க வேண்டியதை அவை அளக்கவில்லை.

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் மகளுக்காக இரண்டு ஃபெரெட் வாங்கலாம் என்று இருக்கிறார். "நீதான் ஸ்பெக் எல்லாம் உட்கார்ந்து படிப்பியே, எந்தக் கூண்டுன்னு பார்த்துச் சொல்லு" என்றார். அதற்காகப் படித்தவைதான் இந்தக் குறிப்பு.

முதலில் விலங்கு. நம்ம ஆட்கள் படத்தைப் பார்த்ததும் "கீரி மாதிரி இருக்கே" என்பார்கள். மாதிரிதான், உறவு இல்லை. கீரி வகைப்பாட்டில் பூனைப் பக்கம் சேரும். ஃபெரெட் நாய்ப் பக்கம், நீர்நாய் இருக்கும் அதே குடும்பம். ஐரோப்பியப் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பழக்கி வந்தது இது. பழக்கியது எதற்கு? முயல் வளைக்குள் அனுப்ப. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஸ்பெயின் பகுதியைப் பற்றி எழுதும்போது, வாய்க்கட்டுப் போட்டு முயல் வளைக்குள் விடப்படும் ஒரு பிராணியைக் குறிப்பிடுகிறார். அது ஃபெரெட்டாகவே இருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து.

ஆக, இது மண்ணுக்கடியில் போகப் பிறந்த உடம்பு. நீண்ட முதுகெலும்பு, குட்டைக் கால், குறுகிய வளைக்குள்ளேயே மடங்கித் திரும்பும் வளைவு. தூரப் பார்வை மோசம், உயரத்தைக் கணிக்கத் தெரியாது. ஆனால் பயமும் கிடையாது. கம்பியைப் பிடித்து ஏறிவிடும், இறங்கத் தெரியாமல் கையை விட்டுவிடும்.

இதற்குப் போய் நான்கு மாடிக் கோபுரம் கட்டி விற்கிறார்கள். கோபுரம் யாருக்கு வசதி என்று கேட்டால் பதில் சுலபம், ஹாலில் இடம் குறைவாக இருக்கும் நமக்கு. அந்த வசதியை விலங்கின் வசதி போலப் பெட்டியில் அச்சிடுவதுதான் எனக்கு இடிக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். இரண்டு ஃபெரெட்டுக்குக் குறைந்தபட்சம் 24 × 24 × 18 அங்குலம் என்ற அளவு அமெரிக்கக் கையேடுகளில் அடிக்கடி வரும். கன அளவு 10,368 கன அங்குலம், தரைப் பரப்பு 576 சதுர அங்குலம். இப்போது 18 × 18 அங்குலத் தரையில் 36 அங்குல உயரத்துக்கு ஒரு கோபுரம் வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 11,664. பெட்டியைப் பார்த்தால் இதுதான் பெரிய கூண்டு! தரையோ 324 சதுர அங்குலம், அதாவது முதல் கூண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நடுவில் பலகை போட்டு மாடி ஆக்கினால் பரப்பு கூடும்தான். ஆனால் ஏணிக்கான ஓட்டை அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், அந்த ஓட்டை வழியாகத்தான் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஃபெரெட் கீழே விழும். அனுபவசாலிகள் ஓட்டைக்கு நேர் கீழே துணித் தூளி கட்டுவது இதனால்தான். நாம் தூளி கட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது என்றால், அது வடிவமைப்பில் இருக்கும் பக் இல்லாமல் வேறென்ன?

அந்த 24 × 24 கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆண் ஃபெரெட் வால் சேர்க்காமலே ஒன்றேகால் அடி வரும். மலத்தட்டு ஒரு மூலை, படுக்கை ஒரு மூலை, சாப்பாட்டுக் கிண்ணம் இன்னொரு பக்கம் என்று வைத்த பிறகு, இரண்டு உயிருக்கு மிச்சம் இருப்பது திரும்பிப் படுக்கும் இடம்தான். நல்ல கையேடுகள் இந்த எண்ணோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்கின்றன: தினமும் நான்கு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே விட வேண்டும். மென்பொருள் எழுதுபவர்களுக்குப் புரியும், ஒரு ஃபங்ஷனின் முன்நிபந்தனையை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொள்வது போன்றது இது. கடைப் பெட்டி எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டது. ஃபெரெட் ஒரு நாளில் 14 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கும். அந்தத் தூக்கத்துக்கான அறைதான் கூண்டு. அதையே முழு வீடாக்கினால், விழித்திருக்கும் நேரமெல்லாம் கம்பியைக் கடித்துக்கொண்டு நிற்கும், பல் உடையும்.

பெட்டியில் ஓரமாக வரும் கதவை நான் முதலிடத்தில் வைப்பேன். பல கூண்டுகளில் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் கதவு. ஃபெரெட்டுக்குக் குடல் சின்னது, தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பின்பக்கமாக நகர்ந்து மூலையில் போகும் பழக்கம் வேறு. நான்கு மூலையும் கை எட்டவில்லை என்றால் சுத்தம் ஒரு வாரம் நடக்கும், அப்புறம் நாற்றம்தான். உடம்பு சரியில்லாத பிராணி உள்மூலையில் சுருண்டு கிடந்தால் அதை வெளியே எடுப்பது இன்னும் பெரிய பாடு. ஃபெரெட் நேஷன் என்ற மாடலில் முன்பக்கம் முழுவதும் அலமாரி மாதிரி இரட்டைக் கதவாகத் திறக்கும். ஒரு தளம் 36 × 25 அங்குலம், அதாவது 900 சதுர அங்குலம். நான் பார்த்தவற்றில் விலங்கையும் சுத்தம் செய்பவரையும் சேர்த்து யோசித்தது அதுதான்.

கம்பித் தரை வேண்டவே வேண்டாம், பாதம் புண்ணாகும். துத்தநாகப் பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போனால் நஞ்சு, பவுடர் கோட்டிங் நல்லது. மீன் தொட்டியில் காற்று ஓடாது. தேவதாரு, பைன் மரச்சீவல் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். கம்பி இடைவெளி ஓர் அங்குலத்துக்கு மேல் கூடாது, குட்டி என்றால் இன்னும் நெருக்கம், ஏனென்றால் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மூக்கால் தள்ளித் திறக்க முடிகிற கொக்கி இந்தப் பிராணிக்குத் தாழ்ப்பாளே இல்லை. வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்து இருக்கிறது. முயலை ஒழிக்க 1880களில் கொண்டுவந்து விட்டார்கள், அது கிவி போன்ற தரைப் பறவைகளையும் சேர்த்துத் தின்றது. 2002 முதல் அங்கே ஃபெரெட்டை விற்பதும் இனப்பெருக்கம் செய்வதும் சட்டவிரோதம். கலிபோர்னியாவிலும் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

கூண்டை எங்கே வைப்பது என்பது டல்லாஸுக்கு முக்கியமான கேள்வி. ஃபெரெட்டுக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி கிடையாது. 30 டிகிரி தாண்டினாலே ஆபத்து, அங்கே கோடையில் 38 சாதாரணம். கண்ணாடி ஜன்னல் ஓரமும் கராஜும் கூடாது. ஏசி நின்றுபோனால் வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கூண்டுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியாவது அந்த நான்கு மணி நேரத்துக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஹாலில் என்ன இருக்கிறது? சாய்வு சோபா இருந்தால் அதை அறையிலிருந்து எடுத்துவிடுவது உத்தமம். அடியில் வளை மாதிரி இருட்டாக இருக்கும், ஃபெரெட் நேராக அங்கேதான் போகும், யாராவது சாய்வை மடக்கினால் உள்ளேயே நசுங்கிவிடும். ரிமோட்டின் ரப்பர் பட்டன், செருப்பின் ஃபோம், இயர்போன் மொட்டு எல்லாம் கடித்து விழுங்கப்படும். ரப்பர் துண்டு குடலில் அடைத்துக்கொண்டு அறுவைக்குப் போவது ஃபெரெட் வைத்தியர்களுக்குப் பழகிப்போன கேஸ்.