பிசின்மணியும் அமிலக் கடனும்

வடையும் ரோல்ஸும் பொரித்துக் கறுத்த எண்ணெயைப் பயோடீசலாக்க முனைவோருக்கு முதல் தடை அதிலுள்ள கட்டற்ற கொழுப்பமிலம். நேரே காரம் சேர்த்தால் சவர்க்காரம் திரண்டுவிடும். எனவே மெதனோலும் அமில ஊக்கியும் கொண்டு அதை முதலில் எசுத்தராக்க வேண்டும். ஃபிஷரும் ஸ்பையரும் இவ்வகை வினையை விவரித்த 1895 தொட்டு இதற்குப் பெரிதும் கைகொடுப்பவை கனிய அமிலங்களே.

சல்பூரிக்கமிலம் மலிவு, வேகமும் உண்டு. ஆனால் கரைந்துவிட்டால் மீட்க முடியாது. 98 கிராம் அமிலத்தைச் சோடியமைதரொட்சைட்டால் நடுநிலையாக்கினால் 142 கிராம் சோடியஞ் சல்பேற்று கழுவுநீரோடு போகும். மட்டக்களப்பில் அந்நீர் சேருமிடம் வாவிதான். ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட ஆழங்குறைந்த நீர்நிலை அது. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்தால், உள்ளே விட்டது உள்ளேயே கிடக்கும்.

பல்பகுதியப் பிசின் இங்கேதான் கவர்கிறது. ஆம்பர்லிஸ்ட்-15 போன்றவற்றில், குறுக்கே பிணைத்த பொலிஸ்ரைரீன் மணிகளிலேயே சல்போனிக்கமிலக் கூட்டங்கள் கட்டுண்டிருக்கின்றன. வினை முடிந்ததும் வடித்தெடுத்து மறுபடியும் போடலாம். பாத்திரமும் குறைவாகவே அரிக்கும்.

ஆனால் ஒரு கிராம் சல்பூரிக்கமிலம் ஏறத்தாழ 20 மில்லிமோல் புரோத்தன் தரக்கூடியது. இந்தப் பிசினோ 4.7 அளவே. 120 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் அமிலக் கூட்டங்கள் கழலத் தொடங்கும். வினையில் பிறக்கும் நீர் அக்கூட்டங்களைச் சூழ்ந்து வேகத்தைக் குறைக்கும். பருத்த கொழுப்பு மூலக்கூறுகள் மணியின் நுண்துளைகளுள் எளிதில் நுழையா. எண்ணெயில் வரும் உப்பின் சோடியம் அயன்கள் புரோத்தனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அப்படி ஓய்ந்த மணியை மீட்க என்ன செய்வது? மறுபடியும் கனிய அமிலத்தில் கழுவுவதுதான். வாசலால் அனுப்பிய அமிலம் கொல்லையால் வருகிறது. கடைசியில் மிஞ்சும் மணியும் பெற்றோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக்கே.

ஆகவே ‘பசுமை’ என்ற பெயரைப் பிசின் உழைத்துத்தான் பெறவேண்டும். எண்ணெயை வடித்து, உப்பு நீக்கி, உலர்த்திய பின் பயன்படுத்தினால் அது சல்பூரிக்கமிலத்தை வெல்லும். அழுக்கெண்ணெயில் நேரே போட்டால் தோற்கும். இதை ஆய்வுக்கு எடுக்கும் நம் மாணவர்கள் முதற்சுற்றின் விளைச்சலோடு நிறுத்தவேண்டாம். சூட்டோடு மணிகளை வடித்தபின்னும் வினை ஓடினால் அமிலம் கழன்றிருக்கிறது என்று பொருள், அதையும் சோதியுங்கள். மணி எத்தனை சுற்று உழைத்தது, அதை மீட்க எவ்வளவு அமிலம் போயிற்று என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். அவையில்லாத அறிக்கையில் பசுமை என்ற சொல் வேண்டாம்.