நடுகல் இல்லாத கோப்புகள்

அப்பா போன பிறகு, அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். பணிப்பதிவேட்டில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. 1986-இல் அப்பா எழுதிக் கொடுத்து, பெயரைத் திருத்தி ஆணையும் வந்தது என்று அம்மா அடித்துச் சொல்கிறார். அந்தக் கோப்பைத்தான் கேட்டார்கள். கோப்புகளை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றியாச்சு என்று பெருமையாகச் சொன்னார்கள். தேடினால் ஒரே வரி: ‘பதிவு இல்லை’.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வரி உறுத்தும். கோப்பு எப்போதுமே இருந்ததில்லையா? இருந்ததை முறைப்படி அழித்தார்களா? தொலைத்துவிட்டார்களா? இல்லை, பெயரைத் தப்பாகத் தட்டி ஏற்றியதால் உள்ளேயே கிடக்கிறதா? நாலும் நாலு வேறு பதில்கள். கணினிக்கு நாலும் ஒன்றுதான். கசாண்ட்ரா மாதிரியான தரவுத்தளங்களில் ஒன்றை அழித்தால் அந்த இடத்தில் ‘டூம்ஸ்டோன்’ என்று ஒரு அடையாளம் வைப்பார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் நடுகல். கொஞ்ச காலத்துக்காவது, ‘இங்கே ஒன்று இருந்தது, அழிக்கப்பட்டது’ என்று அது சொல்லிக்கொண்டிருக்கும்.

இது ஒன்றும் புது யோசனை இல்லை என்பதைத்தான் எழுத வந்தேன். தமிழ்நாட்டு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் இருந்த ஜி.ஆர்.எஃப். டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வந்தது. உள்ளே வரும் தபாலுக்கு ஒரு எண் விழும். எந்த எழுத்தரிடம் போகிறதோ அவருடைய தன்பதிவேட்டில் அது ஏறும். எங்கே போனது, எப்போது திரும்பியது எல்லாம் அந்த ஒரே வரியில் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் கோப்பை முடிக்கும்போது அதற்கு ஆயுள் குறிப்பார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். ஜாதகம் எழுதுகிற மாதிரிதான்! ஆனால் விஷயம் புரிந்தவர், புரிந்த அன்றைக்கே எழுதுகிற ஜாதகம். ஸ்கேனர் ஓட்டுகிற பையன் முப்பது வருஷம் கழித்து ஊகிக்க வேண்டியதில்லை. கோப்பு எரிந்தாலும் பதிவேட்டின் வரி நிற்கும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1993-இன் பொதுப் பதிவேடுகள் சட்டம் கணினியில் உருவானதையும் பதிவேடு என்றே வரையறுக்கிறது. 1892-க்கு முந்தையதை, இனி பயன்படாது என்ற அளவுக்குச் சிதைந்திருந்தால் ஒழிய, அழிக்கவே கூடாது. விதியை மீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. 1997-இல் வந்த விதிகளோ, அழிக்கப்போகும் பதிவேடுகளின் பட்டியலை நிரந்தரமாக வைத்திருக்கச் சொல்கின்றன. நடுகல்லேதான். ஆனால் இது மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், அவற்றின் பொதுத்துறை நிறுவனங்களுக்கான சட்டம். மாநில அலுவலகத்தை இது கட்டுப்படுத்தாது.

தகவல் உரிமைச் சட்டம் எல்லோருக்கும் பொது. அதன் 4(1)(அ) பிரிவு பதிவேடுகளை வகைப்படுத்தி, அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது. தகவல் தர மறுக்க அந்தச் சட்டம் தரும் காரணங்களில் ‘காணவில்லை’ என்று ஒன்று இல்லை. ஒரு காலத்தில் இருந்த ஆவணம் என்றால் முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பு யாருடையது என்று பார்க்க வேண்டும் என 2013-இல் தில்லி உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சரி, முறைப்படி அழித்ததா தொலைந்ததா என்றே தெரியாத இடத்தில் யாரைப் பிடிப்பது?

இங்கே எங்கள் ஆட்களையும் திட்டியாக வேண்டும். நானே ஒரு ஸ்கேனிங் திட்டத்துக்கு நிரல் எழுதியவன். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம். அதனால் எல்லாருக்கும் பக்கம்தான் முக்கியம். கோப்பு எண், பொருள், வருஷம் என மூன்று கட்டங்கள் வைத்தோம். முடிவு வகைக்குக் கட்டமே வைக்கவில்லை. அதனால் ஓராண்டில் போக வேண்டிய விடுப்புக் கடிதமும் நிரந்தரமாக நிற்க வேண்டிய நில ஆணையும் ஒரே வரிசையில் பி.டி.எஃப். ஆகக் கிடந்தன. இருப்பதை மட்டும் படம் பிடித்தோம். ‘எது இல்லை, ஏன் இல்லை’ என்று சொல்லும் பதிவேடுகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அப்போது யாராவது கேட்டிருந்தால், ‘அது பழைய முறை சார்’ என்று நானே சொல்லியிருப்பேன்.

நாலாவது தடவை போனபோது, ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்த பதிவறை எழுத்தர் ஒருவர், “வருஷம் தெரியுமா தம்பி?” என்றார். பழைய பேப்பருக்குப் போகக் கட்டிவைத்திருந்த மூட்டையைப் பிரித்து 1986-இன் தன்பதிவேட்டை எடுத்தார். பத்து நிமிஷம். அப்பா பெயர், பொருள், ஆணை எண், தேதி, ஓரத்தில் ப.மு. கோப்பு முறைப்படி எப்போதோ போய்விட்டது. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு பணிப்பதிவேட்டைப் புரட்டினால், இதுவரை யாராலும் படிக்க முடியாதிருந்த கோழிக்கிறுக்கல் வரி ஒன்று அதே எண்ணாக இருந்தது. அடுத்த மாதம் அம்மாவுக்கு ஓய்வூதியம் வந்தது.

“இந்தப் பதிவேடுகளையும் ஸ்கேன் பண்ணலாமே?” என்று பிரிவில் கேட்டேன்.

“டெண்டர்ல கோப்புன்னுதானே சார் இருக்கு” என்றார்கள்.